ஐம்பது நிமிடச் சீர்

மதுரையிலிருந்து டொராண்டோவுக்குப் பதின்மூவாயிரம் கிலோமீட்டர், பயணம் ஐம்பது நிமிடம் என்று டிக்கெட்டில் போட்டிருந்தான். நான் நம்பவில்லை. சாத்தூரிலிருந்து மதுரைக்கு வரவே பஸ்ஸில் இரண்டு மணி நேரம் பிடித்தது. விமானத்தில் மாட்டியிருக்கும் கடிகாரமும் அவனுடையதுதானே? அதனால் விமான நிலைய வாசலில் மல்லிகை மொட்டு நாலு முழம் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன். இறங்கிப் பார்த்தால் ஒரு மொட்டுகூட வாய் திறக்கவில்லை. சரி, பொய் சொல்லவில்லை.

மதுரையில் சாயங்காலம் ஏறியவன் அங்கே அதே நாள் காலையில் இறங்கினேன். என் தங்கை தவமணியின் புருஷனுக்கு அறுபதாம் கல்யாணம். பிறந்த வீட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டுதான் அவள் மணையில் உட்கார வேண்டும். முப்பது வருஷமாக அவள் வீட்டு விசேஷம் எதற்கும் நான் போனதில்லை. தூரம் அப்படி.

மண்டபத்தில் மச்சான் சங்கிலிராஜ் கடைச் சேலை ஒன்றை அவளிடம் நீட்டிக்கொண்டிருந்தார். "நல்ல நேரம் போகுது. உங்கண்ணன் எந்தக் காலத்துல வந்தாரு? இதைக் கட்டு."

"வருவாரு. அதுவரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்" என்றாள் தவமணி.

நான் நேரே போய், ஊரிலிருந்து கொண்டுவந்த சேலையை அவள் கையில் கொடுத்தேன்.

மச்சான் திகைத்துவிட்டார். "எப்பக் கிளம்புனீங்க?"

"மத்தியானச் சோத்தைத் தின்னுட்டுத்தான்."

தாலி ஏறியது. தவமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு மண்டபமே கேட்கச் சொன்னாள்: "மறுவீட்டு விருந்து சாத்தூர்ல, எங்கண்ணன் வீட்டுல. இன்னைக்கே! எல்லாரும் கிளம்புங்க."

நான் ஊரில் இருக்கும் என் பெண்டாட்டிக்குப் போன் போட்டேன். "நாப்பது பேரு வாராக. உலைய வையி."