கூட வந்தவர்

"கூட யாரும் வரலையா சார்?" என்று கேட்டாள் நர்ஸ்.

"இல்லை. நான் தனியாகத்தான் வந்திருக்கிறேன்," என்றார் வெளிநாட்டுக்காரர். புத்தகம் படித்துத் தமிழ் கற்றவர்.

"மருந்து ஏத்தி எடுக்கிற ஸ்கேன். கூட ஆள் இல்லாம எடுக்க மாட்டோம். நாளைக்கு யாரையாவது கூட்டிட்டு வாங்க."

"நாளை எனக்கு விமானம்."

நர்ஸ் உதட்டைப் பிதுக்கிவிட்டு உள்ளே போனாள். அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். வயிற்றுவலி என்னவென்று பார்த்த பிறகுதான் விமானம் ஏறலாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆளுக்கு எங்கே போவது? இந்த ஊரில் அவருக்கு யாரையும் தெரியாது.

"எந்த ஊரு தம்பி?" பக்கத்தில் இருந்த கண்ணாடி போட்ட அம்மா ஆரம்பித்தார்.

சொன்னார்.

"அங்க ரொம்பக் குளிருமே! என்ன வேலை?"

"பாலம் கட்டும் பொறியாளர்."

"அப்ப சம்பளம் கைநிறைய வரும். கல்யாணம்?"

"ஆகவில்லை."

"ஏன்?"

இப்படிக் கேட்க அவரைப் பெற்ற தாய்க்கே இதுவரை துணிச்சல் வந்ததில்லை. இங்கே எதிர் பெஞ்சு முழுக்கப் பதிலுக்குக் காத்திருந்தது.

"நேரம் கிடைக்கவில்லை," என்றார்.

"பாலம் கட்டினது போதும். பாதி முடி கொட்டியாச்சு."

"விடுங்கம்மா, மீதி இருக்கில்ல," என்றார் எதிரே இருந்த பெரியவர்.

வெளிநாட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

டீ வந்தது. ஸ்கேன் முடியும்வரை அவர் குடிக்கக் கூடாது. அந்த அம்மாவும் வேண்டாமென்று கையசைத்தார். "நீங்க பட்டினியா உட்கார்ந்திருக்கீங்க. எனக்கு எப்படித் தொண்டையில இறங்கும்?"

நர்ஸ் மறுபடியும் வந்தாள். "சார், ஆள் கிடைச்சாங்களா?"

"நான்தான் வந்திருக்கேன்," என்று அம்மா எழுந்தார்.

"நீங்களா!"

"இவன் அக்கா. இவன் அப்பா ஜாடை, நான் அம்மா ஜாடை."

பெஞ்சில் சிரிப்பு கிளம்பியது. நர்ஸ் அம்மாவை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வெளிநாட்டுக்காரரை உள்ளே அழைத்துப் போனாள்.

அவர் வெளியே வந்தபோது, அம்மா கதவை ஒட்டியே நின்றிருந்தார். "தலை சுத்துதா? உட்காரு. தண்ணியக் குடி மொதல்ல."

'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் பிடித்திருந்தது.

பயப்பட ஒன்றுமில்லை, தாராளமாக விமானம் ஏறலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் கூட்டம் கலைந்திருந்தது. அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"உங்களுடைய நோயாளி யார்? அவரையும் பார்த்துவிட்டுச் செல்கிறேன்."

அம்மா வாயைத் திறப்பதற்குள் நர்ஸ் வந்துவிட்டாள்.

"அம்மா, காலையிலேருந்து எல்லாரையும் உங்களுக்கு முன்னாடி அனுப்பிட்டீங்க. இனி நீங்க மட்டும்தான் பாக்கி. உங்க பையன் வருவாரா, மாட்டாரா? கூட ஆள் இல்லாம உங்களுக்கு மட்டும் எப்படி எடுக்கறது?"

அம்மா கையிலிருந்த செல்போனைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

வெளிநாட்டுக்காரர் பையை இறக்கி வைத்துவிட்டு மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"தம்பி வந்திருக்கிறேன்," என்றார்.