நர்சம்மா வாயைத் திறக்கல

"வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா நர்சம்மா? கட்டின புருஷனுக்கு ஓட்டு கேக்கக்கூடவா கசக்குது?"

வாசலில் நின்று கத்தினார் கேசவன். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்து நாட்டாமை.

தேவகி பி.பி. மெஷினைப் பையில் வைத்தாள். "நான் கவர்மெண்டு நர்சுண்ணே. எனக்கு ஓட்டு போடத்தான் உரிமை, கேக்க உரிமை இல்ல. புருஷனா இருந்தாலும் அதான் சட்டம். எவனாவது போன்ல படம் புடிச்சு அனுப்பினா என் வேலை போயிடும். ஏரியில மீன் இல்லாத நாள்ல எங்க வீட்டுல உலை கொதிக்கிறதே என் சம்பளத்துலதான்."

கேசவன் தலையில் கை வைத்துக்கொண்டார். வைக்காமல் என்ன செய்வார்? ஊராட்சித் தலைவர் தேர்தலுக்கு அவள் புருஷன் வரதனை நிறுத்தியதே நர்சம்மாவை நம்பித்தான். அவள் கை படாமல் குப்பத்தில் ஒரு பிள்ளை வளர்ந்ததில்லை. அவள் ஒரு வார்த்தை சொன்னால் பொம்பளைங்க ஓட்டு மொத்தமும் விழும் என்று கோயில் வாசலில் கூடிய ஆம்பளைகள் கணக்குப் போட்டார்கள். அரசாங்க உத்தியோகத்துக்குச் சட்டம் என்று ஒன்று இருப்பது அந்த மகா புத்திசாலிகளில் ஒருவருக்கும் தோன்றவில்லை!

வரதன் நல்ல மனுஷன். யாரிடமும் எதற்கும் மாட்டேன் என்று சொல்ல வராது. ஊர்க்கூட்டம் கைகாட்டியதும் தலையாட்டிவிட்டான்.

தேர்தலில் அவனை எதிர்த்து நின்றவள் மீன் விற்கும் வளர்மதி. முகத்துவாரத்தை மணல் அடைத்து, படகு கடலுக்குப் போக வழியில்லாமல் தவிக்கிறார்களே, அதைத் தூர்வாரச் சொல்லிக் கலெக்டர் ஆபீஸ் வரை போய்ச் சண்டை போட்டவள்.

"பொம்பள தலைவரா? நடக்கிற கதையா?" என்று கேசவன் கோஷ்டி கேலி பேசியது.

வரதனுக்குக் கிடைத்தது சீப்பு சின்னம். வழுக்கைத் தலையனுக்குச் சீப்பா என்று ஊரே சிரித்தது. தேவகியோ அன்றிலிருந்து வாசலில் நின்று தலை வாருவதையே விட்டுவிட்டாள்.

"சீப்பைக் கையில புடிச்சா பிரசாரம் ஆயிடும்" என்றாள்.

பி.பி. பார்க்கப் போன வீட்டில் ரங்கம்மாள் நேராகவே கேட்டாள். "யம்மா, யாருக்குத்தான் குத்துறது? நீயே சொல்லு."

"கருவாட்டைக் கொறைச்சுக்கோ பெரியம்மா. பி.பி. ஏறிக் கெடக்கு."

"அத்த வுடு. சீப்புக்குக் குத்தவா, வேணாவா?"

"மாத்திரைய நேரத்துக்குப் போடு."

தேவகி தெரு திரும்பியதும் ரங்கம்மாள் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். "அடியே, கட்டினவளே வாயைத் திறக்கல. அப்போ இன்னா அர்த்தம்?"

அந்த அர்த்தம் குப்பம் முழுக்கப் பரவியது. வளர்மதி அமோகமாக ஜெயித்தாள்.

கேசவன் தேவகி வீட்டு முன்னால் வந்து மண்ணை வாரித் தூற்றாத குறைதான். "புருஷனைக் கவுத்த புண்ணியவதி! சட்டமாம் சட்டம்!"

வரதன் வழக்கம்போலச் சாப்பிட உட்கார்ந்தான். இறால் தொக்கைப் பரிமாறிய தேவகிக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஒரு உண்மையைச் சொல்றேன், கோச்சுக்காதய்யா. அந்தச் சட்டம் இல்லாட்டியும் நான் உனக்கு ஓட்டு கேட்டிருக்க மாட்டேன்."

"ஏன்?"

"முகத்துவாரத்துக்காக ஆபீசர் மேசையைத் தட்டிக் கேக்க ஆள் வேணும். உன்னை உக்கார வெச்சு ஒரு டீ வாங்கிக் குடுத்தா, போன வேலைய மறந்துட்டு அவருக்கு ரெண்டு கிலோ இறாலைக் குடுத்துட்டு வந்துடுவே. அப்பால ஊரே உன்னை ஏசும். அத்த என்னால தாங்க முடியாதுய்யா. அதான் சட்டத்தைச் சாக்கா வெச்சு ஒளிஞ்சுக்கினேன். என்னை மன்னிச்சுடு."

வரதன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"கேசவண்ணன் காதுல போட்டுடாத தேவகி. என் ஓட்டையே நான் வளர்மதிக்குத்தான் குத்துனேன்."