தினம் ஒரு வியாதி

"முதுகுல வலது பக்கம் சுருக்குனு பிடிக்குது. அப்படியே சுத்தி முன்னாடி வந்து அடிவயித்துல இறங்குது" என்றார் தங்கையின் கணவர், தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டே.

மேஜை முன்னால் புத்தகமும் கையுமாக இருந்த தங்கை நிமிர்ந்தாள்.

"எப்போலேருந்துங்க?"

"மத்தியானம் ஒரு லிஃப்ட்டைக் கழட்டிட்டு இருந்தேன். அப்போ ஆரம்பிச்சது."

"வலி வந்தா ஒரே மாதிரி இருக்கா, விட்டு விட்டு வருதா?"

சோபாவில் துணி மடித்துக்கொண்டிருந்த அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தங்கைக்குப் பரீட்சை, கூடமாட ஒத்தாசையாக இருக்கலாம் என்று வந்து தங்கியிருந்தாள். வந்த நாளிலிருந்து இதே கூத்துதான். அவள் படிக்க உட்கார்ந்தால் போதும், இவருக்கு ஏதாவது ஒன்று வந்துவிடும். நேற்று மூட்டு. அதற்கு முந்தின நாள் காதுக்குள் மணி அடித்தது.

தங்கை ஆஸ்பத்திரியில் நர்ஸ். டாக்டராக வேண்டும் என்று சின்ன வயசு ஆசை. பள்ளிக்கூட மார்க் காலை வாரிவிட்டது. வேலை பார்க்கிற நர்ஸ்களுக்கென்று சில இடங்களை ஒதுக்கி வைத்திருக்கும் மருத்துவக் கல்லூரி ஒன்று உண்டு. அதற்கான நுழைவுத் தேர்வை இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கோட்டை விட்டாள். வயசு வரம்பு வேறு நெருங்குகிறது. இந்தத் தடவை விட்டால் அவ்வளவுதான்.

இந்த லட்சணத்தில், வீட்டுக்குள்ளேயே ஒரு நோயாளி.

"இது சிறுநீரகக் கல்லா இருக்கலாம்" என்ற தங்கை நாலு பக்கம் புரட்டிவிட்டு, கல் எங்கே உண்டாகும், எந்த வழியாக இறங்கும், வலி ஏன் சுற்றி வருகிறது என்று விரல் வைத்துக் காட்டி விளக்கினாள். அவர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்.

"இப்போ வலி எப்படி இருக்கு?"

"நீ சொன்னதுமே குறைஞ்சிடுச்சு" என்றார்.

ஒரு நாள், காலையில் குமட்டுகிறது, காலெல்லாம் வீங்குகிறது, எதைப் பார்த்தாலும் சாப்பிடப் பிடிக்கவில்லை, ஆனால் புளிப்பாக ஏதாவது வேண்டும்போல் இருக்கிறது என்றார்.

தங்கை பேனாவைக் கீழே வைத்தாள். "இதுக்கு வைத்தியம் வேண்டாங்க. பிரசவ வார்டுல ஒரு கட்டில் பிடிச்சு வைக்கறேன்."

அவர் முகம் விழுந்துவிட்டது. அக்காவுக்கே சிரிப்பு வந்தது. இருந்தாலும் ஆத்திரம் அடங்கவில்லை. அடுத்த நாள் அவர் பால்கனியில் தனியாக நின்றபோது பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. அவ டாக்டராகறதுல உங்களுக்கு இஷ்டம் இல்லையா?"

"ஏங்கக்கா அப்படிக் கேக்கறீங்க?"

"பின்ன என்ன? அவளே முக்கி முக்கிப் படிக்கறவ. உட்கார்ந்த உடனே நீங்க தலைவலி, வயித்துவலின்னு வந்து நிக்கறீங்க. பொண்டாட்டி டாக்டர், புருஷன் மெக்கானிக்னு நாலு பேர் பேசுவாங்கன்னு பயமா?"

அவர் தலையைச் சொறிந்தார். "வலி சொல்லிட்டா வருது, அக்கா?" என்று சொல்லிவிட்டு நழுவிவிட்டார்.

கல்லுளிமங்கன் என்று அக்கா மனசுக்குள் திட்டினாள்.

பரீட்சை முடிந்தது. தங்கை மயிரிழையில் தேறியிருந்தாள். பட்டியலில் கிட்டத்தட்டக் கடைசி. அடுத்தது நேர்காணல்.

அதை முடித்துவிட்டு வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்னடி கேட்டாங்க?" என்றாள் அக்கா.

"மார்க் இவ்வளவு கம்மியா இருக்கே, உங்களை ஏன் எடுக்கணும்னு கேட்டாங்க. பயத்துல என்னென்னமோ உளறிட்டேன்."

"அய்யய்யோ. அப்புறம்?"

"ஒரு பெரிய டாக்டரம்மா, 'சரி விடுங்க, என்னை நோயாளின்னு நினைச்சுக்கங்க'ன்னு சொல்லிட்டு, மூச்சு வாங்குது, ராத்திரி படுத்தா இருமல், கால் வீக்கம்னு அடுக்கினாங்க. அவ்வளவுதான் அக்கா, எனக்குப் பயமே போயிடுச்சு. எப்போலேருந்து, எந்தப் பக்கம், எத்தனை தலைகாணி வெச்சுப் படுக்கறீங்கன்னு நான் பாட்டுக்குக் கேட்டுட்டே போனேன். இதயம் பலவீனமா இருக்கலாம்னு சொல்லி, அவங்க பயப்படாத மாதிரி விளக்கினேன். அவங்க பக்கத்துல இருந்தவரைப் பார்த்துத் தலையாட்டினாங்க."

இடம் கிடைத்துவிட்டது.

செய்தி வந்த அன்று தங்கை அழுதாள். அவள் கணவர் அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார். ஆச்சரியம், அன்றிலிருந்து அவருக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பும் முன், தன் முழங்கால் வலிக்குத் தைலம் வாங்கத் தெருமுனை மருந்துக்கடைக்குப் போனாள் அக்கா. கடைக்காரர் விஷயம் தெரிந்து மனசார வாழ்த்துச் சொன்னார்.

"எல்லாம் அவ கெட்டிக்காரத்தனம்" என்றாள் அக்கா. "அவ வீட்டுக்காரர் படுத்தின பாட்டுக்கு வேற யாராவதா இருந்தா புத்தகத்தைத் தூக்கிப் போட்டிருப்பாங்க. தினம் ஒரு வியாதி, தினம் ஒரு மாத்திரை. உங்க கடையில பாதியை அவரே வாங்கியிருப்பாரே."

கடைக்காரர் விழித்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"மாத்திரையா? அவர் என்கிட்ட ஒண்ணுகூட வாங்கினதில்லையேம்மா. தினம் வேலை விட்டு வர்றப்போ இங்கே நிப்பார். 'அவளுக்குத் தனியாப் படிச்சா மண்டையில நிக்கறதில்லை, யாராவது வந்து வலிக்குதுன்னு சொன்னாத்தான் பளிச்சுனு வருது. நேத்து குடுத்த வியாதியைச் சட்டுனு கண்டுபிடிச்சிட்டா, இன்னைக்குக் கொஞ்சம் கஷ்டமானதாக் குடுங்க'ன்னு கேட்டு, நான் சொல்றதை வாய்க்குள்ளேயே மனப்பாடம் பண்ணிக்கிட்டுப் போவார்."