மொழிபெயர்க்காத பதில்

“இவர் பத்து லட்சம் கேட்டாருன்னு சொல்றார், மேடம்.”

பிரெஞ்சில் பெர்னார் சொன்னதை ஆரோக்கிய அனிதா தமிழில் சொல்லி முடித்ததும், அறையில் இருந்த எல்லோரும் கார்த்திகேசனைப் பார்த்தார்கள்.

கார்த்திகேசன் அரசாங்கத்தில் தண்ணீர்ச் சோதனை இன்ஜினியர். சிதம்பரம் பக்கத்தில் வரவேண்டிய பிரெஞ்சு சாயக் கம்பெனியின் பைல், அவர் கையெழுத்துக்காக மூன்று மாதமாகக் கிடந்தது. பெர்னார் அந்தக் கம்பெனியின் டைரக்டர். புகாரை விசாரிக்கச் சென்னையிலிருந்து கடலூருக்கு வந்திருந்தவர் ராஜாமணி மேடம்.

“அறுநூறு பேருக்கு வேலை. இப்ப வியட்நாமுக்குப் போயிடுவோம்னு சொல்றாங்க. மூணு மாசமா என்ன பண்ணீங்க?” ராஜாமணி குரலை உயர்த்தவில்லை.

“சாயத் தண்ணி எங்க போவும்னு கேட்டேன் மேடம். அவுங்க குடுத்த ரிப்போர்ட்ல இருக்கறது அந்த ஊர் போர் தண்ணியே இல்ல. புதுசா எடுத்துக் குடுங்கன்னு மூணு தடவ எழுதினேன்.”

“பணம் கேட்டீங்களா?”

“இல்ல மேடம்.”

“அப்புறம் அவர் ஏன் சொல்லணும்?”

கார்த்திகேசன் முன்னால் இருந்த பைலை மூடி வைத்தார்.

பெர்னார் நிதானமாகப் பேசினார். அனிதா சொன்னாள்: “எங்க நாட்டுல இதுக்கு ஜெயில்தான். லஞ்சம் கேக்கற ஊர்ல எங்க பணத்தப் போட மாட்டோம்னு சொல்றார்.”

சஸ்பெண்ட் ஆர்டர் டைப் செய்து மேசைமேல் இருந்தது. ராஜாமணி பேனாவை எடுத்தார்.

“உங்க பக்கம் சாட்சி யாராவது உண்டா?”

“யாரும் இல்ல மேடம்.”

“எங்க வச்சுக் கேட்டாருன்னு கேளும்மா.”

அனிதா கேட்டாள். புதுச்சேரியில் பிரெஞ்சு படித்து, ஆறு மாதம் முன்புதான் இந்தக் கம்பெனியில் சேர்ந்திருந்தாள். வீட்டில் சம்பளம் வாங்குவது அவள் மட்டும்தான்.

பெர்னார் இரண்டே வரியில் பதில் சொன்னார். அனிதா அதை உடனே தமிழில் சொல்லவில்லை. காதில் விழவில்லையோ என்று அவர் மறுபடியும் சொன்னார்.

“என்னம்மா சொல்றாரு?”

“சிதம்பரத்துல, சாரோட வீட்ல, போன செவ்வாய்க்கிழமை கேட்டாருன்னு சொல்றார் மேடம்.” அவள் பெர்னாரைப் பார்க்காமல் தொடர்ந்தாள். “அங்க யாரு போனாங்கன்னும் ஒண்ணு சொன்னார். அத நான் சொல்ல மாட்டேன். பொய்.”

ராஜாமணி நிமிர்ந்தார்.

“செவ்வாய்க்கிழமை அந்த வீட்டுக்குப் போனது நான்தான் மேடம். கம்பெனி குடுத்த பணத்தோட போனேன். பணம்னு தெரிஞ்சேதான் போனேன். சார் அதத் தொடக்கூட இல்ல. ‘இத எடுத்துட்டுப் போம்மா, புது ரிப்போர்ட் மட்டும் அனுப்பச் சொல்லு’ன்னு வாசல் வரைக்கும் வந்து ஆட்டோ ஏத்தி விட்டாரு.”

தமிழ் தெரியாத பெர்னார் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அனிதா அவர் பக்கம் திரும்பி, தான் சொன்னதை அப்படியே பிரெஞ்சிலும் சொன்னாள். அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, உட்கார்ந்துவிட்டார்.

ராஜாமணி ஆர்டரை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

“இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே கார்த்திகேசன். வேலையே போவப் போவுதுன்னு தெரிஞ்சும் ஏன் வாயத் திறக்கல?”

“சொன்னா, பணம் கொண்டாந்தது யாருன்னு கேப்பீங்க மேடம். டைரக்டர் நாளைக்கு பிளைட் ஏறிடுவாரு. மாட்டிக்கறது இந்தப் பொண்ணுதான்.”