சுடாத பெட்டி

வெள்ளிக்கிழமை காலை, தொழிற்பேட்டையின் கடைசிக் கட்டடத்தில் இரண்டு சார்ஜர் பெட்டிகள் ஒன்றாக ஓடவிடப்பட்டன. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒன்று சுட்டது. மற்றது சுடவில்லை.

சுட்டது முதலாளியின் மகள் செய்த பெட்டி. சுடாதது அவள் கணவன் செய்தது.

முதலாளி மகளின் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்துக் காது மடலைப் பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா இது, சார்ஜரா, இஸ்திரிப் பெட்டியா?"

அவருக்கு அளவுக் கருவிகளில் நம்பிக்கை கிடையாது. மோட்டாரோ மின்மாற்றியோ, எதுவானாலும் கை வைத்துப் பார்த்துத்தான் தீர்ப்பு சொல்வார். தொழிலாளர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'தெர்மாமீட்டர்'. அது அவர் காதுக்கும் வந்திருந்தது, உள்ளூரப் பெருமைதான்.

மின்சார ஸ்கூட்டருக்கான அந்தப் பெட்டிகள் வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தன. காற்றாடி இல்லை, துளை இல்லை; மழைத் துளி உள்ளே போகாது. உள்ளே சூடாகும் சிப்புக்கும் பெட்டியின் சுவருக்கும் நடுவே இருக்கும் ரப்பர் பட்டையில்தான் வித்தியாசம்.

தொழிற்சாலைக்குக் கொள்முதல் பார்க்கும் மாப்பிள்ளை, வழக்கமாக வாங்கும் பட்டையைப் போட்டிருந்தான். மகள் போட்டது அவளே தயாரித்தது. ரப்பருக்குள் போரான் நைட்ரைடு என்ற வெள்ளைத் தூளைக் கலந்திருந்தாள். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஏடுகளாலான தூள் அது. சூட்டைக் கடத்தும், கரண்ட்டைக் கடத்தாது.

இரண்டு வருஷமாகப் பின்பக்க அறையில் அவள் செய்துகொண்டிருந்தது இந்தக் கலவை வேலைதான். இன்று அவள் பட்டை ஜெயித்தால் அந்த அறை அவளுக்கு. தோற்றால் அது அட்டைப்பெட்டி அடுக்கும் கிடங்கு. அப்பா முந்தின நாளே சொல்லிவிட்டார்.

"நான் அப்பவே சொன்னேன் மாமா," என்றான் மாப்பிள்ளை. "முகத்துக்குப் போடற பவுடரைக் கொண்டுபோய் சார்ஜருக்குப் போட்டா இப்படித்தான் ஆகும்."

"முகத்துக்கும் போடலாம்தான்," என்று மகள் அவன் முகத்தை ஒரு தடவை நிதானமாகப் பார்த்தாள். "ஆனா எல்லா முகமும் தேறும்னு சொல்ல முடியாது."

முதலாளி சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த பெட்டிமேல் கை வைத்தார். கை அங்கேயே தங்கிவிட்டது.

"இதுல்ல பெட்டி," என்றார்.

"அப்பா, பெட்டி சுடறது தப்பில்லை. உள்ள இருக்கற சூடு வெளிய வந்தாத்தானே சிப்பு பிழைக்கும். என் பட்டை அதை வெளிய தள்ளுது. கை படற இடத்துல ஒரு உறை போட்டா முடிஞ்சது."

"தோத்தவங்க எல்லாரும் கையோட ஒரு விளக்கம் கொண்டு வந்துடறாங்க மாமா," என்றான் மாப்பிள்ளை. "நாளைக்கு ஒருத்தர் கையைச் சுட்டுக்கிட்டு வந்து நிப்பாரு. 'உங்க கை போனா என்ன, உள்ள சிப்பு சௌக்கியமா இருக்கு'ன்னு இவ சொல்லி அனுப்புவா."

முதலாளி இந்த முறை சிரிப்பை அடக்கவில்லை. மகளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஒயர் எதாவது தளர்ந்திருக்கான்னு பார்த்துட்டு வந்து பேசறேன்," என்று மேசையைச் சுற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். சிறு விளக்கு வைத்த முகப்பு இரண்டு பெட்டிகளுக்கும் அந்தப் பக்கம்தான் திரும்பியிருந்தது.

குனிந்து பார்த்தாள். ஒயர் எதையும் தொடவில்லை. திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்து ஓர் ஆரஞ்சுப் பழத்தை உரிக்க ஆரம்பித்தாள்.

அவள் வாயடைத்துப் போனதைப் பார்த்ததும் மாப்பிள்ளைக்கு மனசு இளகிவிட்டது. என்ன இருந்தாலும் சாயங்காலம் ஒரே வண்டியில் வீட்டுக்குப் போக வேண்டியவர்கள்.

"சரி, விடு. அந்த ரூம்ல மேல்தட்டு முழுக்க உனக்கே விட்டுடறேன். உன் டப்பாவெல்லாம் அங்கயே வெச்சுக்கோ."

"உங்களுக்குப் பெரிய மனசு," என்று அவள் ஒரு சுளையை நீட்டினாள். அவன் வாங்கிச் சாப்பிட்டான்.

முதலாளி இப்போது இரண்டாவது கையையும் சுடாத பெட்டிமேல் வைத்திருந்தார். குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பவரைப் போல முகம் கனிந்திருந்தது.

"மாப்பிள்ளை, காலைல தொட்டப்ப கொஞ்சம் கதகதன்னு இருந்துச்சு. இப்ப அதுவும் இல்லை. ஓட ஓட ஜில்லுனு ஆகுதே, அது எப்படி?"

"அதான் மாமா தரம்."

"இன்னும் என்ன பாக்கறது. இனிமே எல்லாப் பெட்டிக்கும் இந்தப் பட்டைதான்." அவர் மகள் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உனக்கு ஒண்ணும் வருத்தம் இல்லையேம்மா?"

"எனக்கு என்னப்பா வருத்தம்," என்றாள் மகள். "அந்தப் பெட்டிதான் செத்து ரொம்ப நேரமாச்சு."