பூனையும் எலியும் பேசுவதில்லை

“இந்த ரொட்டி எங்கேருந்து வந்துச்சு?”

மேசைமேல் இருந்த ரொட்டிப் பையை அந்தோனியம்மாள் தொடக்கூட இல்லை.

“நேத்து சாயங்காலம் ரொட்டிக்கார கனி பாய்கிட்டதான் வாங்குனேன். வேற யாருகிட்ட வாங்குவாங்க?” என்றார் அவள் கணவர் டொனால்ட்.

“பாயோட மோட்டார் சைக்கிள் இந்த லயத்து வீட்டுப் பக்கமே வர்றதில்ல. ஹோர்ன் அடிச்சுக் கேட்டு மாசக்கணக்காச்சு. யாரு காதுல பூ சுத்துறீங்க?”

டொனால்ட் ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு மூடிக்கொண்டார்.

அது போதாதா அவளுக்கு? புக்கிட் பெலண்டோக் எஸ்டேட்டில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர். லோரிக்கு பிரேக் உண்டு, டொனால்ட் வாய்க்குக் கிடையாது என்று சந்தையில் எல்லாரும் கேலி செய்வார்கள். அப்படிப்பட்டவர் இப்போதெல்லாம் வீட்டில் பாதிப் பேச்சை விழுங்குகிறார். சாயங்காலமானால் திடீரென்று எழுந்து வெளியே ஓடுகிறார், கையில் ரொட்டியோடு திரும்புகிறார். வராத பாய்க்காக எவனாவது வாசலில் நிற்பானா? ரொட்டி வெறும் சாக்கு. வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறாளே வள்ளிநாயகி, அவள்தான் விஷயம்.

இன்று காலையில் அதையும் கண்ணால் பார்த்தாயிற்று. வேலியோரம் நின்று வள்ளிநாயகி தன் காதைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். இவர் அசடு வழியச் சிரித்துக் கும்பிடு போட்டார். புதுத் தோடு. வாங்கிக் கொடுத்த புண்ணியவான் யாரென்று தனியாக வேறு சொல்ல வேண்டுமா?

துணிப்பையைக் கட்டிக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டாள். இன்றைக்கு இவர் உண்மையைச் சொல்லாவிட்டால், சாயங்கால பஸ்ஸில் ராசா டவுனில் இருக்கும் மகன் நைஜல் வீட்டுக்குப் போய்விடுவாள். திரும்பி வரப்போவதில்லை.

டொனால்ட் டிவியைப் போட்டார். வழக்கம்போல அதே பழைய பூனை எலி கார்ட்டூன். செய்தி, நாடகம் என்று எதையும் விடாமல் பார்த்தவர், இப்போது இதைத் தவிர எதையும் வைப்பதில்லை. ரிமோட்டைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து ஒட்டி உட்கார்ந்தார்.

கல்யாணமான புதிதில்கூட இப்படி ஒட்டியதில்லை. குற்றமுள்ள நெஞ்சு, அதான் குழைகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

“அம்மாளு, இந்தக் கார்ட்டூன் எப்ப வந்துச்சு தெரியுமா? ஜப்பான்காரன் இங்க வர்றதுக்கு முன்னாடியே. அப்ப வீட்டுல ஏது டிவி? கொட்டகையில பெரிய படத்துக்கு முன்னால ஓட்டுவாங்களாம்.”

“எனக்கெதுக்கு அது?”

“கேளேன்லா. நடுவுல டிவிக்காக எடுத்தப்ப, சண்டை வேணாம்னு ரெண்டையும் கூட்டாளி ஆக்கிட்டாங்க. அது சப்புன்னு போச்சு. அடிச்சுக்கிட்டாதான் ருசி.” சிரித்தார். “ஆனா அதுக பேசுறதே இல்ல பாரு. எல்லாம் சைகைதான். யாருக்கும் புரியும்.”

“பேசாம இருந்தா உங்களுக்கு வசதிதான். காலையில அவகிட்ட என்ன பேசினீங்க?”

டொனால்டின் சிரிப்பு நின்றது. “நீ பாத்தியா?”

“காதைக் காட்டிக் காட்டிப் பேசினாளே. பாக்காம?”

“அது... அது வந்து, இப்ப வேணாம் அம்மாளு. சனிக்கிழமை நைஜல் வர்றான். அவன் வந்ததும் சொல்றேன்.”

அந்தோனியம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அப்ப அவனுக்கும் தெரியுமா?”

டொனால்ட் தலையைக் குனிந்துகொண்டார். பெற்ற பிள்ளையும் கூட்டு. போன தடவை வந்தபோது அப்பனும் மகனும் அடுப்படியில் நின்று குசுகுசுவென்று பேசியது இதைத்தானா? அவளுக்கு அழுகை பொங்கியது.

“இந்த வீட்டுல எல்லாமே எனக்குத் தெரியாம ரகசியம்தான். டிவியக்கூட ஊமையாத்தான் ஓட விடுறீங்க.”

அவர் தடுப்பதற்குள் சட்டைப் பையிலிருந்த ரிமோட்டைப் பிடுங்கி, சத்தத்தைக் கூட்டும் பொத்தானை ஓங்கி அமுக்கினாள்.

திரையின் அடியில் பச்சைக் கோடு ஒன்று தெரிந்தது. மறுபடியும் அமுக்கினாள். கோடு நகரவில்லை. அது ஏற்கெனவே கடைசி வரைக்கும் போய் முட்டிக்கொண்டு நின்றது. கண்ணாடி அலமாரிக்குள் கிளாஸ்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

அவள் மெல்லத் திரும்பி ஜன்னல் வழியே பார்த்தாள். வேலியோரம் ரொட்டி பாய் மோட்டாரை நிறுத்தி ஹோர்னை அமுக்கிக்கொண்டிருந்தார்; பக்கத்தில் வள்ளிநாயகி இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு இந்த வீட்டைப் பார்த்தபடி நின்றாள்.