லேமினேஷன்

மூலை லேசாக எழும்பியது.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஹேர் டிரையரை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். பிளாஸ்டிக் சூடேறிக் குழைந்தது. பிளேடு நுனியை உள்ளே விட்டு மெதுவாக நெம்பினாள்.

பிளாஸ்டிக் வந்தது. கூடவே காகிதத்தின் தோலும் வந்தது.

சனியன்.

கையை எடுத்துக்கொண்டாள். சாப்பாட்டு மேசையின் மறுமுனையில் அப்பா உட்கார்ந்திருந்தார். மடியில் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு, மூச்சு விடாமல்.

அவருடைய பிறப்புச் சான்றிதழ்தான் அது. டெரன்ஸ் டாய்ல். ஆண். தகப்பன் பெயர் கார்னீலியஸ் டாய்ல், ரயில்வே என்ஜின் டிரைவர்.

அந்தக் கார்னீலியஸ் தாத்தா அயர்லாந்தில் பிறந்து, இங்கே வந்து ரயில் ஓட்டி, போத்தனூரில் ஒரு தமிழச்சியைக் கட்டிக்கொண்டு, இந்த மண்ணிலேயே போய்ச் சேர்ந்தவர். அவருடைய பேத்தி என்று காட்டிவிட்டால் அந்த நாடு இவளைத் தன் குடிமகளாகப் பதிந்துகொள்ளும். பாஸ்போர்ட் கொடுக்கும். இவள் பெயர் பதிவான பிறகு பிள்ளை பிறந்தால் பிள்ளைக்கும் அந்த உரிமை உண்டு.

முந்திப் பிறந்துவிட்டால் இல்லை.

வயிற்றில் இருப்பதற்கு இதெல்லாம் தெரியுமா என்ன? அது பாட்டுக்கு வளர்கிறது.

கடல் தாண்டிப் பிறந்த தாத்தாவின் சான்றிதழை ஃபோனிலேயே கேட்டாள். தபால்காரர் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா பிறந்தது பக்கத்து ஜில்லா. அங்கே போய்க் கேட்டால், அந்த வருஷத்துப் புத்தகத்தைக் கரையான் தின்றுவிட்டதாம். எழுதிக் கொடுக்க ஒன்றுமில்லையாம்.

ஆக இருப்பது இந்த ஒரு காகிதம்.

போன மாதம் டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்தார்கள். மடிப்பெல்லாம் நைந்து, தொட்டால் உதிர்ந்துவிடும்போல இருந்தது. வாயை மூடிக்கொண்டு அவளே எடுத்து வைத்திருக்கலாம். பத்திரமா வைங்க டாடி என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போனாள்.

பத்திரம் என்றால் அப்பாவுக்கு ஒரே வழிதான் தெரியும். ரயில்வே கேட் பக்கத்து ஜெராக்ஸ் கடை. அவளுடைய மார்க் ஷீட், ரேஷன் கார்டு, மாதா படம், எல்லாம் அந்தக் கடை லேமினேஷன் மிஷினுக்குள் போய் மினுமினுவென்று வெளியே வந்தவை. அம்மாவின் இறப்புச் சான்றிதழைக்கூட அப்படித்தான் வைத்திருக்கிறார்.

நேற்று சென்னை. வெளிநாட்டுக்கு அனுப்பும் சான்றிதழுக்கு அரசாங்க முத்திரை வாங்கப் போயிருந்தாள். வரிசையில் நின்று நின்று கால் வீங்கிவிட்டது. கவுண்டரில் இருந்த பெண் சான்றிதழை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தள்ளினாள். அசல் காகிதத்தின் பின்பக்கம்தான் முத்திரை விழ வேண்டுமாம். பிளாஸ்டிக்கில் மை நிற்காதாம். பிரித்து எடுத்துக்கொண்டு வரச் சொன்னாள். வாழைப்பழத்தை உரித்துக்கொண்டு வா என்பது போல.

திரும்பி வந்த ரயில் முழுக்க அவள் மனசில் ஒரே யோசனை ஓடியது. கெட்ட யோசனை. விரட்டினாலும் போகவில்லை.

தாத்தாவின் சொந்த மகன் அப்பா. அவருக்கும்தான் அந்த உரிமை இருக்கிறது. நீங்களும் எழுதிப் போடுங்க, எல்லாரும் ஒண்ணாப் போயிடலாம் என்று எத்தனை தடவை கெஞ்சியிருப்பாள். பென்ஷன் இங்கே, உங்கம்மா கல்லறை இங்கே, எனக்கெதுக்கு என்று ஒரேயடியாக மறுத்துவிட்டார். நீங்க போய் நல்லா இருங்க என்றும் சொன்னார். அப்படிச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுபடி டிரையரைப் போட்டாள். இந்தத் தடவை வேறு மூலை.

வந்தது. நன்றாகத்தான் வந்தது. கொஞ்சம் தைரியம் வந்து வேகமாக இழுத்துவிட்டாள்.

தகப்பன் பெயர் எழுதியிருந்த வரி பிளாஸ்டிக்கோடு போய்விட்டது.

அவள் அந்த வெற்றிடத்தையே பார்த்தாள். கார்னீலியஸ் தாத்தா இருந்த இடத்தில் பஞ்சு மாதிரி வெள்ளை நார்.

டிரையரை அணைக்காமலே மேசைமேல் வைத்தாள்.

"நான் போகக் கூடாதுன்னுதானே டாடி இப்படிப் பண்ணீங்க?"

சொன்ன பிறகு அவளுக்கே திக்கென்றது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள மனசு வரவில்லை. மாதக்கணக்கில் அலைந்தவள் அவள். வீங்கின கால் அவளுடையது.

அப்பா மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது.

கோபித்துக்கொண்டு படுக்கப் போகிறார், போகட்டும் என்று நினைத்தாள்.

திரும்பி வந்தார். கையில் உள்ளங்கை அகலத்துக்கு ஏதோ ஒன்று. அதை அவள் முன்னால் வைத்தார்.

சுற்றிலும் பிளாஸ்டிக் ஒட்டின ஒரு துண்டு. ஓரமெல்லாம் நேராக, பார்த்துப் பார்த்து வெட்டியிருந்தது. உள்ளே கறுப்பு. முழுக்கக் கறுப்பு.

"நீ குடுத்த ஸ்கேன் படம். அன்னைக்கு ரெண்டையும் சேர்த்துத்தான் கொண்டுபோனேன். மிஷின் சூட்டுல கறுத்துப்போச்சு. திட்டுவியேன்னு சொல்லலை."

பிள்ளையின் முதல் படம். வீட்டுக்காரர் வந்தா காட்டணும், எங்கே வெச்சீங்க என்று அவள் கேட்டபோதெல்லாம் பைபிளுக்குள்ளே இருக்கு என்று மழுப்பியிருந்தார்.

டிரையர் இன்னும் மேசைமேல் இரைந்துகொண்டிருந்தது. அவள் அதை அணைத்தாள்.

அந்தத் துண்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள். ஒன்றும் தெரியவில்லை.

அப்பா அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். அந்தக் கறுப்பின் இடது ஓரத்தில் விரலை வைத்தார்.

"தலை இந்தப் பக்கம்."